ஒற்றைக் காதும் ஐந்து ஸ்பீக்கரும்

பாட்டுக் கேட்பதற்கு ஐந்து ஸ்பீக்கர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். ஸ்பீக்கர் விற்றுப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்லலாமா என்று என் கூட்டாளி தலையில் அடித்துக்கொள்வார். சொல்லலாம். சினிமா பார்க்கிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் ஹெலிகாப்டர் பறக்க வேண்டும், தோள்பட்டை பக்கம் மழை பெய்ய வேண்டும். அவர்கள் ஐந்து என்ன, ஒன்பதுகூட வாங்கட்டும், நானே வந்து மாட்டித் தருகிறேன். பாட்டு அப்படி இல்லை. பாடுகிறவர் முன்னால் நிற்கிறார், கேட்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வயலின் வாசிக்கிறவரின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டு எவனாவது பாட்டுக் கேட்பானா? நல்லதாக இரண்டு ஸ்பீக்கர், சரியான இடத்தில் ஒரு நாற்காலி. அதற்கு மேல் வைப்பதெல்லாம் வீண் ஜம்பம் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியில் கை வைத்தவள் என் அக்கா. அதுவும் வலது காது சுத்தமாகக் கேட்காமல் போன பிறகு.

அக்கா ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். வட்டமாக வந்து சேரும் லென்ஸை, வாங்குகிறவர் பிடித்து எடுத்த ஃபிரேமுக்குள் அடங்கும்படி ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. எப்போது போனாலும் தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், அவள் விரல் நுனியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கும். ஒருமுறை ஒருவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கம்பி ஒரு பக்கம் மயிரிழை தூக்கியிருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடி, அந்த மனிதர் மூக்கின் மேலிருந்து கண்ணாடியைக் கழற்றி, அங்கேயே நின்று வளைத்துச் சரிசெய்து மாட்டிவிட்டு வந்தாள். அவர் பஸ்ஸைத் தவறவிட்டார். அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

சனிக்கிழமை மாலைகளில் அவள் வேறு ஆள். நூலகத்தின் மாடி அறையில் ஐந்து பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். கட்டைக் குரலில் ஒரு நர்ஸ், ஊசிக் குரலில் ஒரு தையல்காரி, இடைப்பட்ட உயரத்தில் ஒரு கேஷியர், நூலகத்திலேயே வேலை பார்க்கும் ஒரு பெண், இவர்கள் எல்லாருக்கும் நடுவில் அக்கா. அவள் குரலும் நடுக்குரல், நிற்கிற இடமும் நடு இடம். பியானோவில் உட்காருகிறவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாத அக்கா, சனிக்கிழமை பாடிவிட்டு வந்தால் ஞாயிறு முழுவதும் பேசிக்கொண்டே இருப்பாள். அந்தக் குழு அவளுக்கு உயிர்.

ஒரு காலையில் எழுந்து போனைக் காதில் வைத்தவள், கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று திட்டினாள். தற்செயலாகப் போனை இடது காதுக்கு மாற்றியபோது அவர் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா, அதாவது அக்காவின் கணவர், அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "ஊர்ல எல்லார் கண்ணையும் பாத்துக்கிட்ட, உன் காதைப் பாத்துக்காம விட்டுட்டியே" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்குச் சேலையை இஸ்திரி போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நன்றாகப் போகவில்லை. வலது பக்கம் நின்ற இருவரும் அவளுக்கு இல்லாமலே போனார்கள். சுருதி நழுவியது, நழுவியதும் அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் அவளை வரிசையின் வலது ஓரத்துக்கு மாற்றிப் பார்த்தார். அங்கே பக்கத்தில் தையல்காரி. ஊசிக் குரல் இருக்கிற ஒரே காதில் குத்தி, மற்ற எல்லாரையும் மூடிவிட்டது. டீச்சர் கெட்டவர் இல்லை. புது அரங்கத்தின் திறப்பு விழாவில் இவர்கள் பாட ஒப்புக்கொண்டிருந்தார்கள், அவர் தலையில் அந்தப் பாரம் இருந்தது. வீட்டில் இருந்து பழகிப் பாருங்கள், கடைசி ஒத்திகைக்கு வாருங்கள், அன்றைக்குச் சரியாக வந்தால் உங்கள் இடம் உங்களுக்கு, இல்லாவிட்டால் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணும் நடுக்குரல்தான், நன்றாகவே பாடுவாள்.

அக்கா மறுநாளே என் கடைக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு அஞ்சு ஸ்பீக்கர் வேணும்டா."

"சினிமா பாக்கவா?"

"பாட."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, ரெண்டு காது இருக்கிறவங்களுக்கே ரெண்டு ஸ்பீக்கர் போதும்கிறேன். உனக்குக் கணக்குப்படி ஒண்ணு போதும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். லென்ஸில் கீறல் இருந்தால் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இதுல பாதிப் பாட்டு செத்த காதுக்குப் போகுது. என்னமோ விட்டுப் போச்சுன்னு மட்டும் தெரியுது." கழற்றி வைத்தாள். கடையின் முன்னால் நான் பெருமையாக வைத்திருந்த ஜோடி ஸ்பீக்கருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "இதுல எல்லாம் வருது. ஆனா ஒரே குவியலா வருது. நீ சொல்வியே, பாடகர் நடுவுல நிக்கிறார், கிடார் கொஞ்சம் தள்ளி நிக்கிதுன்னு. எனக்கு யாரும் எங்கயும் நிக்கல. தலையைத் திருப்பினா மொத்தமும் சேந்துதான் பெருசாகுது, சேந்துதான் சின்னதாகுது."

இரண்டு ஸ்பீக்கர் செய்யும் வித்தையே, இல்லாத ஆளை நடுவில் நிறுத்திக் காட்டுவதுதான். அந்த வித்தைக்கு ஏமாறுவதற்கு இரண்டு காது வேண்டும். அக்காவை இனி அப்படி ஏமாற்ற முடியாது. அவளுக்கு ஆள் நிற்கிற இடத்தில் ஆளே நிற்க வேண்டும்.

"ஒவ்வொருத்தியும் ஒரு ஸ்பீக்கர்ல பாடட்டும். அப்ப நான் தலையைத் திருப்பினா ஒருத்தி பெருசாவா, இன்னொருத்தி சின்னதாவா. அதை வெச்சு யார் எங்கன்னு கண்டுபிடிச்சுக்கறேன்."

"அதுக்கு அவங்க குரல் தனித்தனியா வேணுமே."

"கேட்டுட்டேன். அனுப்பறாங்க."

நான்கு தோழிகளும் ஆளுக்கொரு பக்கம் அவரவர் வீட்டில், காதில் டீச்சரின் பியானோவை ஓடவிட்டு, தங்கள் பங்கை மட்டும் போனில் பாடி அனுப்பினார்கள். நர்ஸின் பதிவில் பின்னால் குழந்தை ஒன்று தண்ணீர் கேட்டது. அதை வெட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம், அது யார் குரல் என்று அடையாளம் தெரியும் என்றாள் அக்கா. ஆளுக்கொரு ஸ்பீக்கராகப் பிரித்துக் கோத்துக் கொடுத்தேன். ஐந்தாவது, வழக்கமாக டிவிக்குக் கீழே வசனத்துக்காக வைக்கிற நடு ஸ்பீக்கர், வேலையில்லாமல் நின்றது. மாமா அதன் மேல் தன் சாவிக்கொத்தை வைக்க ஆரம்பித்தார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் டைல்ஸ் பதிக்கிறவர். அவர்கள் வீட்டுக் கூடத்தை அவரே பதித்தார். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. வருகிறவர்கள் தரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும் வரைக்கும் தேநீர் வராது. அந்தத் தரையில் நான்கு ஸ்பீக்கரையும் போட்டுப் பாடவிட்டால், நான்கு பெண்களும் குளியலறைக்குள் நின்று சண்டை போடுவதுபோல இருந்தது.

"தரைதான் மாமா காரணம்" என்றேன். "சத்தம் அதுல பட்டுப் பட்டுத் திரும்புது."

"என் தரை மேல பழி போடாத மச்சான். உன் டப்பா சரியில்லன்னு சொல்லு."

அக்கா எங்கள் வழக்கைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்த போர்வை, மெத்தை விரிப்பு, பழைய திரைச்சீலை எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடம் முழுக்க விரித்தாள். சுவரிலும் தொங்கவிட்டாள். மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் ஒரு மூலையைத் தூக்கித் தரை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஆனால் சண்டை நின்றுவிட்டது. நான்கு பெண்களும் நான்கு பெண்களாகவே காதில் விழுந்தார்கள்.

ஸ்பீக்கரை வைக்கும் பொறுப்பை மாமா யாருக்கும் விடவில்லை. நூல் பிடித்தார், ரசமட்டம் வைத்தார், அளவுநாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்தார். நான்கும் ஒரே உயரம், ஒரே தூரம், ஒரே சாய்வு. நடுவில் நாற்காலி. நானே இவ்வளவு சுத்தமாக மாட்டியதில்லை. அக்கா உட்கார்ந்தாள், பாடினாள், கெட்டது. மறுபடி பாடினாள், மறுபடி கெட்டது. நான்கு பேரும் சமமாக வந்து ஒற்றைக் காதில் விழுந்தால் அதுவும் குவியல்தான். அவள் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசல் பக்கம் போனாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நடு இதுதான்! நூல் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"ஃபிரேமுக்கு எது நடுவோ அங்க லென்ஸோட நடுவை வெக்க மாட்டோம். போட்டுக்கிறவங்களுக்குக் கண்ணு எங்க இருக்கோ அங்க வெப்போம். உங்க கூடத்துக்கு அது நடு. என் காதுக்கு நடு வேற எங்கயோ இருக்கு. அதைத்தான் தேடறேன்."

அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் தேடல்தான். உடை மாற்றக்கூட மாட்டாள். வலது தோள் சுவரை உரசுகிற மாதிரி நிற்பாள், ஓர் அடி பின்னால் போவாள், ஒரு ஸ்பீக்கரைக் காலால் தள்ளுவாள், பாடுவாள், தலையை ஆட்டுவாள், மறுபடி தள்ளுவாள். எந்தப் புத்தகத்தில் உள்ள படத்துக்கும் பொருந்தாத ஒரு கோணல் அமைப்பு அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. தொழில்காரன் என்ற முறையில் எனக்கு அதைப் பார்க்கவே கூசியது. ஒருநாள், போதும் அக்கா, ஒரு வருஷம் பாடாவிட்டால் என்ன என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு வருஷம் நீ பேசாம இரேன்" என்றாள்.

கடைசியில் பிடித்துவிட்டாள். எல்லாரையும் சமமாகக் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. நர்ஸின் கட்டைக் குரல் மட்டும் இடது காதுக்குக் கை எட்டும் தூரத்தில் வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டால் சுருதி நகராது. தையல்காரி எல்லாரையும்விடத் தள்ளி நிற்க வேண்டும். மற்ற இருவரும் இடையில், சற்று முன்னால். அப்படி வைத்துவிட்டுப் பாடியபோது நான் சமையலறையில் இருந்தேன். ஐந்து குரல் கேட்டது, அதில் எது ஸ்பீக்கர், எது அக்கா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. ஓடிவந்து பார்த்தேன். அவள் பெருமைப்படவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மௌனத்துக்கு அப்புறம் இடிக்குதுடா."

பாட்டின் நடுவில் பியானோ நின்றுவிடும். யாரும் கை அசைக்க மாட்டார்கள், டீச்சர் விரல்களை மடியில் வைத்துக்கொள்வார். நீளமாக ஒரு மௌனம். பிறகு ஐந்து பேரும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். பதிவில் தையல்காரி முதலில் வந்தாள், கேஷியர் பின்னால், நூலகப் பெண் அதற்கும் பின்னால், நர்ஸ் கடைசியில். மாடிப்படியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வருகிற மாதிரி இருந்தது. நான் உடனே ஸ்பீக்கர்களை ஓட்டும் என் கருவியைச் சந்தேகப்பட்டேன். தூரத்தில் உள்ள ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் உள்ளதற்கும் ஈடுகட்ட, அது தானாகவே சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதையெல்லாம் அணைத்தேன். அப்படியும் படியிறங்கினார்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் போட்டுக் கேட்டேன். மற்ற இடங்களில் கச்சிதமாகப் பாடுகிறவர்கள், அந்த ஓர் இடத்தில் மட்டும் தயங்கினார்கள். நர்ஸ் பாதி எழுத்தைத் தொடங்கி விழுங்கிவிட்டு மறுபடி தொடங்கியிருந்தார்.

சாவியை எடுக்க வந்த மாமா நின்று கேட்டுவிட்டு அக்காவிடம் சொன்னார். "நீ அந்த எடத்துல புஸ்ஸுன்னு ஒரு மூச்சு இழுப்பியே. அதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்கபோல."

அக்கா ஸ்பீக்கர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி போடச் சொன்னாள். அந்த மௌனம் வந்தபோது மூக்கால் பலமாக மூச்சை இழுத்துப் பாடினாள். ஸ்பீக்கர்கள் அவளைச் சட்டை செய்யவில்லை. தங்கள் பாட்டுக்கு ஒவ்வொன்றாகப் படியிறங்கின.

"பாத்தியாடா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "சுத்தி நாலு பேரும் எனக்குக் கேக்கறாங்க. நான் ஒருத்திக்கும் கேக்கல. இதுங்களுக்கு ஒரு காதுகூட இல்ல."

என் கட்சியை மாற்றிக்கொண்டேனா என்று கேட்டால், பாதி மாற்றிக்கொண்டேன். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு ஐந்து ஸ்பீக்கர் அவளுக்குப் பொருந்தியது. இரண்டு செய்யாததை அது செய்தது. ஆனால் பாடுவதற்குப் பத்து வைத்தாலும் போதாது. அன்று அவள் அதற்குமேல் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. குழுவைக் கெடுக்கிறவள் தான்தான் என்று அத்தனை நாள் நினைத்துக் குமைந்தவளுக்கு, தான் இல்லாமல் அந்த நால்வருக்கும் தொடங்கவே தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை அவர்களிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னாள். தெரிந்தால் ஆளாளுக்கு எண்ணிக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்கள், மொத்தமும் கெட்டுவிடும் என்றாள்.

கடைசி ஒத்திகைக்கு நான்தான் அவளை அழைத்துப் போனேன். நூலக மாடி அறையில் நாற்காலிகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். நடு இடத்தில் மருந்துக்கடைப் பெண் நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவள் விலகப் போனாள். "இருக்கட்டும்மா" என்றாள் அக்கா. "எனக்கு அந்த எடம் வேண்டாம்."

வலது ஓரத்துக்குப் போய், ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள். டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "அங்க ஏற்கெனவே பாத்தோமே. வரலையே."

"அப்ப பக்கத்துல வேற ஆள் இருந்தாங்க டீச்சர்." அக்கா யாரையும் அனுமதி கேட்கவில்லை. "சிஸ்டர், நீங்க இங்க வாங்க. இன்னும் கிட்ட. என் தோள் இடிக்கட்டும், பரவாயில்ல." நர்ஸ் வந்தார். "நீங்க ரெண்டு பேரும் அரையடி முன்னாடி. நீ அந்தக் கோடிக்குப் போ." கேஷியரும் நூலகப் பெண்ணும் முன்னால் வர, தையல்காரி என்ன ஏதென்று கேட்காமல் கோடிக்குப் போனாள். மருந்துக்கடைப் பெண் பாட்டுத் தாளோடு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். ஸ்பீக்கரைக் காலால் தள்ளியதைப் பார்த்தவன் நான். அதே முகம்தான் இப்போதும். ஆட்களைத் தள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நடுக்குரல் ஓரத்துல, வரிசையும் கோணல்" என்றார் டீச்சர். "மேடையில பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பாக்கறதுக்கு இல்ல டீச்சர், கேக்கத்தானே வர்றாங்க."

அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். டீச்சர் பியானோ பக்கம் திரும்பினார்.

முதல் முறை அக்கா தடுக்கினாள். பாட்டு ஏறுகிற இடத்தில் குரல் ஒரு நூல் கீழே போனது, எனக்கே தெரிந்தது. டீச்சர் நிறுத்தினார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. "சிஸ்டர், அந்த எடத்துல மெதுவாயிடறீங்க. விட்டுடாதீங்க, எனக்கு நீங்கதான் பிடி" என்றாள். "டீச்சர், இன்னொரு தடவை." கெஞ்சுகிற தொனியே இல்லை. டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடி வாசித்தார்.

இந்த முறை ஏறுகிற இடம் தாண்டியது. பியானோ நின்றது. டீச்சரின் விரல்கள் மடிக்குப் போயின. மௌனம். அக்கா மூக்கால் மூச்சை இழுத்தாள், அறையின் கடைசியில் நின்ற எனக்குக் கேட்கும்படி. ஐந்து பேரும் ஒன்றாக இறங்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

பாட்டு முடிந்ததும் டீச்சர் பியானோவின் மேலிருந்த தாளைத் திருப்பினார், மறுபடி பழைய பக்கத்துக்கே திருப்பினார்.

"இத்தனை வாரமா அந்த எடம் வரவே இல்ல" என்றார் மெதுவாக. பிறகு பழைய டீச்சராகிவிட்டார். "ஆனா உங்க மூச்சுச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அரங்கத்துல முன்வரிசைக்கும் கேக்கும். அதைக் குறைக்கணும்."

"குறைக்க மாட்டேன் டீச்சர்" என்றாள் அக்கா. "இவங்க எனக்குக் கேக்கறதுக்கு நான் வழி பண்ணிக்கிட்டேன். நான் இவங்களுக்குக் கேக்க வேண்டாமா?"

நான்கு பேரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. மருந்துக்கடைப் பெண் தன் கையிலிருந்த பாட்டுத் தாளை மடித்து நர்ஸிடம் கொடுத்தாள். நர்ஸ் அதை அக்காவின் கையில் வைத்தார்.

"சரி" என்றார் டீச்சர். "முதல்ல இருந்து பாடுங்க. அஞ்சு பேரும்."